வேட்டைப் பயணத்துக்குத் தோட்டாக்களுடன் சென்னையிலிருந்து புறப்படுவோர் அறிய வேண்டியவை

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்திருப்பதால், துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் சென்னைக்காரர் ஒருவர் முறைப்படி வேட்டையாட விரும்பினால், தென்னாப்பிரிக்கா, நமீபியா, நியூசிலாந்து போன்ற, வேட்டையைச் சட்டப்படி அனுமதிக்கும் நாடுகளுக்குத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் செல்வோர் துப்பாக்கிக்கான ஆவணங்களை மாதக்கணக்கில் தயார் செய்துவிட்டு, தோட்டாக்களைப் பெட்டியின் ஓரத்தில் வைக்கும் துணைப்பொருளாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் சிக்கல் பெரும்பாலும் தோட்டாவில்தான் எழுகிறது. துப்பாக்கி ஒன்றுதான், அதன் எண்ணும் உரிமத்தில் பதிவாகியிருக்கும். தோட்டாவுக்கோ இந்தியச் சட்டம், விமான நிறுவனம், விமானம் மாறும் நாடு, சென்று சேரும் நாடு என நான்கு தரப்பும் தனித்தனி வரம்பு வைத்திருக்கின்றன. அந்த நான்கில் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

முதலில் உங்கள் உரிமத்தையே எடுத்துப் படியுங்கள். உரிமம் பயண நாட்கள் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். தனி அடையாள எண் அதில் இருக்க வேண்டும். கொண்டு செல்லும் தோட்டாவின் விட்ட அளவு (காலிபர்), உரிமத்தில் பதிவான துப்பாக்கியின் விட்ட அளவோடு பொருந்த வேண்டும். உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் என்றால், டெல்லியிலோ மும்பையிலோ விமானம் மாறும் பயணச்சீட்டை வாங்காதீர்கள். ஒன்று சென்னையிலிருந்தே நேராக வெளிநாடு செல்லும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது எல்லையை நாடு முழுவதற்கும் விரிவாக்கிக் கொண்டு புறப்படுங்கள். சென்னைப் பெருநகருக்குள் வசிப்பவர்கள் இதற்காக வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகத்தையும், 2022-இல் தனி ஆணையரகங்களாகப் பிரிந்த தாம்பரம், ஆவடி பகுதியினர் அவரவர் ஆணையரகத்தையும் அணுக வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற ஆயுதங்களைக் காவல் நிலையத்திலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறை இங்கே உண்டு. ஆகவே தேர்தலை ஒட்டிய மாதங்களில் பயணத்தை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 10-ஆவது பிரிவை ஒவ்வொரு பயணியும் அறிந்திருக்க வேண்டும். ஆயுதத்தையும் தோட்டாவையும் நாட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்ல உரிமம் தேவை என்பது அதன் பொது விதி. தம்மிடம் வைத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமையுள்ளவர் தமது சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் எடுத்துச் செல்லவும் திரும்பக் கொண்டு வரவும் தனி உரிமம் வேண்டியதில்லை என்பது அதன் விலக்கு. நியாயமான அளவு எது என்பதற்கு அந்தப் பிரிவு எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை. மாறாக, அளவிலோ பயன்பாட்டிலோ ஐயம் எழுந்தால், மத்திய அரசின் ஆணை வரும்வரை அவற்றைத் தடுத்து வைக்கச் சுங்க அதிகாரிக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அப்படித் தடுத்து வைத்தால் உங்கள் விமானம் காத்திருக்காது. எனவே, பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே மீனம்பாக்கம் விமான நிலையச் சுங்கத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, உரிமத்தின் நகல், பயணச்சீட்டு, வேட்டையை ஏற்பாடு செய்யும் நிறுவனத்தின் அழைப்புக் கடிதம், தோட்டாவின் காலிபர், எண்ணிக்கை ஆகியவற்றை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விமான நிறுவனம். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அபாயப் பொருள் விதிகளின்படி, ஒரு பயணி தமது சொந்தப் பயன்பாட்டுக்கு 5 கிலோ வரை தோட்டா எடுத்துச் செல்லலாம். அது சரக்கறைக்குச் செல்லும் பொதியில் மட்டுமே இருக்க வேண்டும். நிறுவனத்தின் முன் ஒப்புதலும் வேண்டும். அந்தத் தோட்டா, வெடிபொருள்களில் அபாயம் குறைந்த 1.4எஸ் பிரிவில், அபாயப் பொருள்களுக்கான ஐ.நா. அடையாள எண்களில் யுஎன் 0012 அல்லது யுஎன் 0014 என்ற எண்ணுக்குள் வருவதாக இருக்க வேண்டும். வெடிக்கும் அல்லது தீப்பற்றவைக்கும் முனை கொண்டவற்றுக்கு அனுமதியே இல்லை. தனி வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் பயணப் பொதியில் போகவே கூடாது. இந்த 5 கிலோ என்பது பெட்டியோடு சேர்ந்த மொத்த எடை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 12 போர் (bore) ஷாட்கன் தோட்டா 25 கொண்ட பெட்டி ஒரு கிலோவைத் தாண்டும். நான்கு பெட்டிகளை இரும்புப் பேழையில் வைத்துப் பூட்டினால் வரம்பு நிரம்பிவிடும். .30-06 ரைஃபிள் தோட்டா 20 கொண்ட பெட்டி அரைக் கிலோவுக்குச் சற்று மேல் என்பதால் ரைஃபிள்காரருக்கு இந்த நெருக்கடி இல்லை. இருவர் சேர்ந்து சென்றாலும் இருவரது பங்கையும் ஒரே பொதியில் கட்டக் கூடாது. அவரவர் தோட்டா அவரவர் பொதியில்தான் இருக்க வேண்டும். தொழிற்சாலைப் பெட்டியைப் பிரிக்காதீர்கள். அதன் மேல் அச்சிட்ட விவரம்தான் சோதனை அதிகாரிக்கு நீங்கள் காட்டக்கூடிய முதல் சான்று.

ஒப்புதலை வாய்மொழியாக வாங்குவதில் பயனில்லை; பதிவு எண்ணைக் குறிப்பிட்ட மின்னஞ்சலாகப் பெற்று, அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். பயணச்சீட்டு ஒரு நிறுவனத்தின் பெயரிலும் விமானம் இன்னொரு நிறுவனத்துடையதாகவும் இருந்தால் இரண்டிடமும் ஒப்புதல் தேவை. ஆயுதமும் தோட்டாவும் ஏற்பதே இல்லை என்ற கொள்கை உடைய நிறுவனங்களும் உண்டு. அதனால் இதை விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள்.

சென்னையிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர் பெரும்பாலும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறுவார். நியூசிலாந்துக்குப் போகிறவர் சிங்கப்பூரில் மாறுவார். பொதி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும், நடுவில் நாம் தொடவே போவதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இடைநிறுத்தத்தில் கடந்து போகும் ஆயுதத்துக்கும் தோட்டாவுக்கும் சிங்கப்பூர் காவல்துறையிடம் முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். வளைகுடாவில் மாறுவோர் அந்த விமான நிறுவனம் வழியாகவே இடைநிலை அனுமதியைக் கேட்டுப் பெற வேண்டும்.

சென்று சேரும் நாட்டின் விதி அந்தந்த நாட்டுக்கே உரியது. தென்னாப்பிரிக்காவில் தற்காலிக இறக்குமதி அனுமதிக்கு எஸ்ஏபிஎஸ் 520 என்ற படிவம் உண்டு. அதைக் கறுப்பு மையால் நிரப்பி, கையெழுத்தை மட்டும் அதிகாரியின் முன்னிலையில் இட வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை கொண்டு வரலாம். அவையும் அந்தத் துப்பாக்கியின் அளவுக்கானவையாகவே இருக்க வேண்டும். அமெரிக்கா செல்வோர் 6என்ஐஏ என்ற இறக்குமதி அனுமதிப் படிவத்தோடு, அங்குள்ள மாநிலம் ஒன்று வழங்கிய வேட்டை உரிமத்தையும் காட்ட வேண்டியிருக்கும். நியூசிலாந்து பார்வையாளருக்கெனத் தனித் துப்பாக்கி உரிமம் வழங்குகிறது. பிரிட்டனில் உங்களை அழைப்பவரே உங்கள் சார்பில் காவல்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண மான் வேட்டைக்குச் செல்கிறவர் தோட்டாவை இங்கிருந்து சுமக்க வேண்டியதில்லை. .30-06, .375 போன்ற பரவலான அளவுகள் தென்னாப்பிரிக்காவில் எளிதாகக் கிடைக்கும். வேட்டையை ஏற்பாடு செய்பவர் துப்பாக்கியை வாடகைக்கும் தோட்டாவை விலைக்கும் தருவார். பழகிய துப்பாக்கியும் அதற்கென்றே சோதித்துப் பார்த்த தோட்டாவும்தான் விலங்கைத் துன்புறுத்தாமல் ஒரே சூட்டில் வீழ்த்த உதவும் என்று கருதுபவர் கொண்டு செல்லட்டும். அந்தக் கவலை மதிக்கத்தக்கது. அவருக்கும், குறி சரிபார்ப்பது உட்பட, ஒரு வாரத்துக்கு 40 தோட்டா போதும். குறைவான எண்ணிக்கை, நியாயமான அளவா என்ற கேள்வியையே எழவிடாது.

புறப்படும் நாளில் நான்கு மணி நேரம் முன்னதாக விமான நிலையத்துக்குச் செல்லுங்கள். செக்-இன் மேசையில் பொதியை வைக்கும் முன்பே தோட்டா இருப்பதைச் சொல்லுங்கள். சுங்க மேசையில் துப்பாக்கியின் எண்ணையும் தோட்டாவின் எண்ணிக்கையையும் குறித்த ஏற்றுமதிச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அது இல்லாவிட்டால், பொருள் இங்கிருந்து போனதுதான் என்று நிறுவுவது கடினம்.

கைப்பையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லும் பையை எக்காரணம் கொண்டும் விமானக் கைப்பையாக்காதீர்கள். அதன் உள்மடிப்பில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தால், மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் உங்களை விமான நிலையக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்கள். உடைமை என்றால் அறிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் கூறியிருக்கிறது. ஆனால் அந்த வாதம் நீதிமன்றத்தில்தான் எடுபடும், சோதனை வாயிலில் அல்ல. சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூட்டையும் எடுத்துவிடுங்கள். தோட்டாவின் பாகங்களையும் சட்டம் தோட்டா என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது.

அங்கே எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்று நாள்தோறும் எழுதி வையுங்கள். மீதத்தை வழிகாட்டிக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது பெருந்தன்மையாகத் தோன்றலாம். உரிமமில்லாத கைக்கு மாறினால் இருவருக்கும் குற்றமாகும். ஒப்படைக்க விரும்பினால் வேட்டை நிறுவனம் வழியாக, ரசீதோடு செய்யுங்கள். அங்கே வாங்கிய புதிய தோட்டாவைச் சென்னைக்குக் கொண்டு வராதீர்கள். 2016-இல் வெளியான பயணப் பொதி விதிகளிலேயே 50-க்கு மேற்பட்ட தோட்டாக்கள் தீர்வைச் சலுகைக்கு வெளியே வைக்கப்பட்டன. கொம்பும் தோலும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் நம் வன உயிரினச் சட்டமும் ஆளும் தனி விவகாரம். உரிய அனுமதிகள் முன்கூட்டியே கையில் இல்லையென்றால் அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சென்னையில் இறங்கியதும், சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் சென்று, ஏற்றுமதிச் சான்றிதழையும் மீதத் தோட்டாவின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் காட்டி, அதிகாரி குறித்துக்கொண்ட பிறகே வெளியே வாருங்கள்.