கண்ணாடி உடைந்தும் கத்தாத அலாரத்துக்கு சென்சார் சேர்ப்பது

தைப்பூசத்துக்கு முதல் நாள், பினாங்கில் வெள்ளி ரதம் பார்க்கப் போயிருந்தோம். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் காரை நிறுத்தியிருந்தேன். திரும்பி வந்தால் இடது முன் கண்ணாடி சீட்டு முழுக்கக் கல்கண்டு மாதிரி உதிர்ந்து கிடக்கிறது. சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த மனைவியின் கைப்பையைக் காணோம். காசு 60 வெள்ளிதான் (ரிங்கிட்). கூடவே ஐசி என்னும் அடையாள அட்டை, ஆஸ்பத்திரி அட்டை, போன வருஷம் தவறிப்போன என் மாமியாரின் மூக்குக்கண்ணாடி. ஐசியைத் திரும்ப எடுத்துவிடலாம். அந்த மூக்குக்கண்ணாடிக்காகத்தான் அவள் அழுதாள்.

கதவு அப்போதும் பூட்டியேதான் இருந்தது. டாஷ்போர்டில் அலாரத்தின் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அலாரம் பழுதில்லை, அதற்குத் தெரிந்த வேலையை அது ஒழுங்காகத்தான் செய்தது. கதவுச் சட்டத்தில் இருக்கும் சின்ன சுவிட்சைத்தான் அது பார்க்கும். கதவு திறந்தால் கத்தும். கண்ணாடியை உடைத்துக் கை நுழைத்தவன் கதவைத் திறக்கவே இல்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 22 வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என் பழைய புரோட்டான் வீரா காரின் டாஷ்போர்டைக் கழற்றினேன். அதற்குப் பிறகு ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் நாலைந்து பேருக்குப் பூட்டிக் கொடுத்துவிட்டேன்.

கடையில் போய் ‘சென்சார்’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஷாக் சென்சாரைத்தான் எடுத்துத் தருவார்கள். உள்ளே ஒரு பீசோ தகடு இருக்கும். காரைத் தட்டினால், உதைத்தால் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றிச் சொல்லும். அது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. பக்கக் கண்ணாடி டெம்பர் செய்தது, அதாவது சூட்டில் கடினப்படுத்தியது. கூரான சின்னப் பொருள் சரியாகப் பட்டாலே பொலபொலவென்று கொட்டிவிடும், காருக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது. நுழையும் கையைப் பிடிக்க ரேடார் சென்சார் வேண்டும், மைக்ரோவேவ் சென்சார் என்றும் சொல்வார்கள். மைக்ரோவேவ் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும். அல்ட்ராசோனிக் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் சின்னக் கண் மாதிரி ஒட்டுவார்கள். அதை நம் ஊருக்கு நான் சொல்லமாட்டேன். வெயிலுக்காகக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பது நம் பழக்கம்; உள்ளே காற்று வீசினாலே அது கத்திவிடும்.

என் காரில் ஷாக், ரேடார் இரண்டும் இருக்கின்றன.

முதலில் அலாரப் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். சென்சாருக்கென்றே நாலு ஊசிச் சாக்கெட் ஒன்று பல பெட்டிகளில் உண்டு. என் பெட்டியிலும் இருந்தது, பூட்டியவர் அதைக் காலியாகவே விட்டிருந்தார். கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றிவிடுங்கள். மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள். அது ஏர்பேக். வாரண்டியில் இருக்கும் புதுக் கார் என்றால், எந்த வயரையும் வெட்டும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல ஷாக் சென்சார்களில் சிவப்பு 12 வோல்ட், கறுப்பு எர்த், மற்ற இரண்டில் ஒன்று லேசான தட்டலுக்கு, இன்னொன்று பலத்த அடிக்கு. லேசாகத் தட்டினால் சைரன் இரண்டு மூன்று முறை கீச்சிட்டு எச்சரிக்கும், பலமாக அடித்தால் முழுசாகக் கத்தும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். பெட்டியோடு வரும் தாளைப் பாருங்கள், மல்டிமீட்டர் வைத்தும் பாருங்கள்.

ஷாக் சென்சாரை எங்கே பூட்டுகிறோம் என்பதுதான் பாதி வேலை. டாஷ்போர்டுக்குள் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தில் ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். டபுள் டேப் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 60 டிகிரிக்கு மேல் போகும். பசை இளகிச் சென்சார் தொங்க ஆரம்பித்தால் பிரேக் போடும்போதெல்லாம் ஆடும், திருடன் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. வயர் இணைப்புக்கும் இதே கதைதான். கறுப்பு டேப்பைச் சுற்றினால் ஆறே மாதத்தில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.

ரேடாரின் இடம் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில், கியருக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள். பிளாஸ்டிக், துணி, ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் அலை தாண்டிவிடும். இரும்பைத் தாண்டாது. அதனால் சீட்டின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டாம்.

சரி, இருக்கும் ஒரே சாக்கெட்டை ஷாக் எடுத்துக்கொண்டது. ரேடாரை எதில் இணைப்பது? கதவு சுவிட்ச் வயரில்தான் பலரும் முறுக்கிவிடுவார்கள். பல கார்களில் அதே வயரில்தான் கூரை விளக்கும் இருக்கும். ரேடார் சிக்னல் கொடுக்கும்போது விளக்கின் கரண்டு முழுவதும் அதன் சின்ன டிரான்சிஸ்டர் வழியாக ஓடி, அதைக் கருக்கிவிடும். நான் முன் பானட் சுவிட்சின் வயரில் இணைத்தேன். அதில் விளக்கு கிடையாது. நடுவில் கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று, வெள்ளிக் கோடு ரேடார் பக்கம் பார்த்தபடி. பானட்டைத் திறக்கும்போது அந்தச் சிக்னல் ரேடாருக்குள் போகாமல் அது தடுக்கும். இது சிக்னல் வயருக்கு எர்த் கொடுத்தால் கத்தும் அலாரத்துக்கான கணக்கு. உங்கள் அலாரம் அப்படியா என்று அதன் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடாரின் சிவப்பு வயரில் 1 ஆம்பியர் பியூஸ் ஒன்றும் போடுங்கள்.

பூட்டுவது இரண்டு மணி நேர வேலை. எவ்வளவுக்குக் கத்த வேண்டும் என்று அளவு வைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று மூன்றாம் மாடியில் இருக்கும் தம்பியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மைவி கார் வைத்திருக்கிறான். ஷாக் சென்சாரைத் தானே பூட்டி, அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை முழுசாகக் கூட்டிவிட்டான். “அண்ணே, என் காடி ராத்திரி முழுக்கக் கத்துது, கீழ் வீட்டு ஆண்டி சண்டைக்கு வர்றாங்க” என்று வந்து நின்றான். படிக்கட்டு ஓரத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று ஸ்டார்ட் ஆனாலே அவன் கார் அலறியது. நாலாம் நாள் சென்சாரையே பிடுங்கிவிட்டான். அளவு மீறினால் முடிவு இதுதான். நாமே அணைத்துவிடுவோம், பக்கத்து வீட்டாரும் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஷாக் சென்சாரின் திருகைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். அது முழு வட்டம் சுற்றாது, ஓரத்தில் நின்றதும் அழுத்தாதீர்கள், உடைந்துவிடும். குறைந்த பக்கத்தில் தொடங்குங்கள். காரைப் பூட்டி, அலாரம் விழிக்க ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு முன் கண்ணாடித் தூணில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பேசாமல் இருந்தால் திருகை மிகக் கொஞ்சமாக, மணி முள் கால் மணி நேரத்தில் நகரும் அளவுக்கு ஏற்றுங்கள். உள்ளங்கைத் தட்டுக்கு எச்சரிக்கையும், முஷ்டியால் குத்தினால் முழுச் சத்தமும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியை மட்டும் குத்திப் பார்க்க வேண்டாம்.

ரேடாரின் திருகுக்கு வேறு சோதனை. இடது கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டுக் காரைப் பூட்டுங்கள். காருக்கு வெளியே ஒரு கை தூரத்தில் முன்னும் பின்னும் நடங்கள். கத்தக் கூடாது. பிறகு ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து, சீட்டில் வைத்த பையை எடுங்கள். முழங்கை உள்ளே போவதற்குள் கத்த வேண்டும். நாலு பக்கமும் இப்படிச் செய்ய வேண்டும். எனக்குப் பின் சீட்டில் மட்டும் பிடிக்கவில்லை. சென்சாரை இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளியதும் சரியாகிவிட்டது. இன்னொன்றும் இருந்தது. முன் கண்ணாடியில் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் மல்லிகைச் சரம் தொங்கவிடுவாள். பக்கத்தில் லோரி போனால் அந்த ஈரச் சரம் ஆடும், ரேடார் உடனே கத்தும். இப்போது பூவை டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாருக்குச் சுற்றி வைக்கிறாள்.

பெருமழை ஒன்று வரும்வரை காத்திருங்கள். அந்த இரவு ஒருமுறையாவது கத்தினால் ஷாக்கைக் கொஞ்சம் குறையுங்கள். எனக்கு அப்படி இரண்டு முறை இறக்க வேண்டியிருந்தது.

கடைசியாக பேட்டரி. காரை அணைத்து, பூட்டிய நிலையில் எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று நெகட்டிவ் முனையில் மீட்டரைத் தொடராக வைத்து, 10 ஆம்பியர் அளவில் பாருங்கள். சென்சார் போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்துக்கொள்வது நல்லது. மொத்தம் 50 மில்லியம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டினால் முதலில் நீங்கள் இணைத்த வயர்களைச் சரிபாருங்கள்.

எந்த நிற வயர் எதில் போகிறது, டயோடு எங்கே இருக்கிறது, இரண்டு திருகும் எத்தனை மணியில் நிற்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைக் காருக்குள் வைக்காதீர்கள். நான் வீட்டு அலமாரியில், கார் கிராண்டு (பதிவுப் பத்திரம்) இருக்கும் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.