பிள்ளைகளுக்கு ஒரு தேர்தல்: உருளைக்கிழங்கு முத்திரையோடு

எங்கள் அடுக்ககப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஒரு தேர்தல் நடத்தினோம். நீங்களும் செய்து பார்க்க, முறை இதோ.

1. நிஜமாகவே நடக்கப்போகும் ஒன்றுக்கு ஓட்டு வையுங்கள். ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் பட்டமா, கேரமா, கிரிக்கெட்டா? முடிவு வந்தபின் பெரியவர்கள் அதை மாற்றக்கூடாது. 'அடுத்த முதல்வர் யார்' என்பதெல்லாம் வேண்டாம், வீட்டில் கேட்டதையே ஒப்பிப்பார்கள்.

2. வாக்காளர் பட்டியல் எழுதி, வருகிறவர் பெயரை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ஆள்மாறாட்டம் என்றால் முகவர்கள் ஆட்சேபிக்க வேண்டுமே! இரண்டு பேரை முகவர்களாக உட்காரவையுங்கள்.

3. ஓட்டுப்போட மொபைல் செயலிகள் உண்டு. எனக்குக் காகிதம்தான் பிடிக்கும், எண்ணுவது கண்ணுக்குத் தெரியும். சின்னங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள்.

4. முத்திரையில்தான் வம்பு வரும். வெண்டைக்காயை நறுக்கி மையில் தொட்டு வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஈரம் காயாமல் மடித்தால் அதே பூ இன்னொரு சின்னத்திலும் ஒட்டிக்கொள்ளும். எது அசல்? எண்ணும்போது சண்டைதான். வாக்குச்சீட்டுக்கான தேர்தல் முத்திரை ஸ்வஸ்திக் போல இருப்பது இதற்காகத்தான். ஒட்டிய நகல் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். அதனால் உருளைக்கிழங்கில் 'க' என்று இடவலம் மாற்றிச் செதுக்குங்கள். அசல் நேராக விழும், நகல் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கும். சீட்டை முதலில் நெடுக்குவாட்டில் மடிக்கச் சொல்லுங்கள். அப்போது மை ஒட்டினாலும் அதே சின்னத்தின் வரிசைக்குள்தான் ஒட்டும்.

5. மறைவுக்கு ஒரு அட்டைப்பெட்டி. விரலுக்கு ஸ்கெட்ச் பேனா வேண்டாம், சோப்பில் போய்விடும். இடது ஆள்காட்டி விரல் நகத்தில் நெயில் பாலிஷ் போதும். நிஜ மை மைசூரில் தயாராகிறது, 1962 தேர்தலிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

6. தொடங்கும் முன் ஓட்டுப்பெட்டி காலி என்று முகவர்களுக்குக் காட்டுங்கள். எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் காட்டுங்கள். 6, 5, 4 என்று வந்தால் 6 வாங்கியவர் ஜெயிக்கிறார், 9 பேர் அவரைக் கேட்கவில்லை என்றாலும். நம் எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலும் இப்படித்தான். இதைப் பற்றி அவர்கள் வாதாடட்டும், இடையில் புகாதீர்கள்.

பின்சேர்க்கை: சம ஓட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நம் சட்டப்படி தேர்தல் அதிகாரி குலுக்கல்தான் போடுவார். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூரில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னதாகக் கல்வெட்டு இருக்கிறது. நீங்களும் ஒரு குடம் வைத்து, எழுதப் படிக்கத் தெரியாத கடைக்குட்டியைக் கூப்பிடுங்கள்.