நடுக்கத்தைப் பற்றிய வேதவசனங்களைப் படிப்பது எப்படி?

வேதத்தில் பிசாசுகளும் நடுங்குகின்றன (யாக்கோபு 2:19), மோசேயும் நடுங்குகிறான் (எபிரெயர் 12:21). ஆகவே நடுக்கம் என்ற சொல்லை மட்டும் பார்த்துத் தேவபக்தி என்றோ தண்டனை பயம் என்றோ முடிவு கட்டாதீர்கள். நடுங்கியவர் அடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள்.

ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: நடுங்கியது யார்? எதன் முன்? பிறகு கிட்டே வந்தாரா, விலகினாரா? அவருக்குக் கிடைத்த பதில் என்ன?

யாத்திராகமம் 20:18-21 வசனங்களில் தொடங்கலாம். இடிமுழக்கத்தையும் புகைகிற சீனாய் மலையையும் கண்ட ஜனங்கள் பின்வாங்கித் தூரத்தில் நின்றார்கள். மோசே கார்மேகத்துக்குச் சமீபமாய்ச் சேர்ந்தான். இருபதாம் வசனத்தில் “பயப்படாதிருங்கள்” என்று சொல்லும் அதே மோசே, நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் தேவபயம் உங்கள் முன்பாக இருக்கவேண்டும் என்கிறான். இரண்டு பயங்களும் ஒரே வசனத்தில் நிற்கின்றன. ஒன்று தேவனைவிட்டு ஓடவைக்கிறது, மற்றது பாவத்தைவிட்டு ஓடவைக்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்ற பகுதிகள் தாமே திறக்கும்.

அடுத்து இருவரை ஒப்பிடுங்கள். பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது ரோம தேசாதிபதியாகிய பேலிக்ஸ் பயமடைந்து, பவுலை அனுப்பிவிட்டான் (அப்போஸ்தலர் 24:25). மாற்கு 5:33-ல் குணமான ஸ்திரீயோ பயந்து நடுங்கி வந்து, இயேசுவின் முன் விழுந்து, உண்மையையெல்லாம் சொன்னாள். அவளுக்குக் கிடைத்த பதில் “மகளே” என்று தொடங்குகிறது.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது பிலிப்பியர் 2:12. “பயத்தோடும் நடுக்கத்தோடும்” என்றதோடு நிறுத்தினால், இரட்சிப்பைச் சொந்த பலத்தால் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்ற சுமை தோளில் ஏறிவிடும். பதின்மூன்றாம் வசனத்தையும் சேர்த்தே வாசியுங்கள்: விருப்பத்தையும் செய்கையையும் நமக்குள் உண்டாக்குகிறவர் தேவனே. அவர் உள்ளே கிரியை செய்கிறார் என்பதுதான் அந்த நடுக்கத்துக்குக் காரணம்.

1 யோவான் 4:18-ஐக் காட்டி, அன்பிருந்தால் தேவபயமே வேண்டாம் என்பாரும் உண்டு. முந்திய வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. பூரண அன்பு புறம்பே தள்ளுவது தண்டனையின் வேதனையுள்ள பயத்தை. மறுபக்கம், தேவபயத்தை வெறும் மரியாதையாகச் சுருக்குவதும் சரியல்ல. சங்கீதம் 2:11 “நடுக்கத்துடனே களிகூருங்கள்” என்கிறது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு ஏசாயா 66:1-4. பலியிடுகிறவர்கள் அங்கே கடிந்துகொள்ளப்படுகிறார்கள், ஏனெனில் தங்கள் வழிகளையே தெரிந்துகொண்டார்கள். கர்த்தர் நோக்கிப்பார்ப்பது அவருடைய வசனத்துக்கு நடுங்குகிறவனை. எனவே வாசித்த பகுதியில் உங்களுக்குக் கசக்கும் ஒரு கட்டளையை எழுதி, அன்றே செய்யக்கூடிய ஒரு செயலை அதன் கீழே குறியுங்கள்: திருப்பித் தரவேண்டிய பணம், கேட்கவேண்டிய மன்னிப்பு, நிறுத்தவேண்டிய பேச்சு. ஜெபத்தில் உடல் நடுங்கியதா என்று அளந்து பார்க்கவேண்டாம். தீமையை வெறுப்பதே கர்த்தருக்குப் பயப்படும் பயம் (நீதிமொழிகள் 8:13).

குற்றவுணர்வில் ஏற்கெனவே நொறுங்கியிருப்பவர்கள் சீனாய் மலையில் தொடங்கவேண்டாம். சங்கீதம் 130:3-4-ஐ முதலில் ஒரு வாரம் வாசியுங்கள். அங்கே மன்னிப்பு முன்னே வருகிறது, பயம் அதிலிருந்து பிறக்கிறது. பிறகு தானியேல் 10:10-12-க்குப் போங்கள்: நடுங்கி நின்றவனிடம் “பயப்படாதே” என்றும், அவன் ஜெபித்த முதல்நாளிலேயே அவன் வார்த்தைகள் கேட்கப்பட்டன என்றும் சொல்லப்படுகிறது.