தண்டுவடக் காயம்: வார்டில் இருக்கும்போதே வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டியவை

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். மோட்டார் சைக்கிள் விபத்தில் என் வீட்டுக்காரருக்குத் தண்டுவடத்தில் அடிபட்டது. அறுவை சிகிச்சை, அப்புறம் மறுவாழ்வு சிகிச்சை என்று பல மாதங்கள் மருத்துவமனையிலேயே இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார், சக்கர நாற்காலியில் வேலைக்கும் போய் வருகிறார். இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் அவ்வப்போது போன் செய்து, “எல்லாம் தாதிகளே பார்த்துக்கொள்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

அந்த மாதங்கள் வீட்டாருக்கும் பயிற்சிக் காலம். தாதி பக்கத்தில் நிற்கும்போது கையைப் போட்டுப் பழகாததை, வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக நின்று கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம். கீழே வரும் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: ஒரு நோட்டு, பேசுவதற்கு ஓர் ஆள்

டாக்டரிடம் பேசுவது யார் என்று முதல் வாரத்திலேயே வீட்டில் முடிவு செய்யுங்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்டு ஆளுக்கொரு பதிலோடு வீடு திரும்பினால் குழப்பம்தான் மிஞ்சும். கைப்பேசிச் செயலிகளை விட எனக்குக் காகித நோட்டுதான் பிடித்தது. கட்டில் பக்கத்திலேயே கிடக்கும், நான் இல்லாத நேரத்தில் மாமியாரும் எழுதுவார்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. காயம் எந்த மட்டத்தில்? அது முழுக் காயமா (கீழே உணர்வும் அசைவும் அறவே இல்லாதது), பகுதிக் காயமா (கொஞ்சமாவது மிஞ்சியிருப்பது)? கழுத்து என்றால் சி, மார்பு என்றால் டி, இடுப்பு என்றால் எல் என்ற எழுத்தோடு ஓர் எண் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு டி4. கைகளுக்கு ஒன்றுமில்லை, மார்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. காயத்தின் தீவிரத்தை ஏ முதல் இ வரை குறிப்பார்கள். ஏ என்றால் முழுக் காயம்.

“நடப்பாரா?” என்ற கேள்விக்கு முதல் சில வாரங்களில் உறுதியான பதில் வராது. அடிபட்ட புதிதில் தண்டுவடம் அதிர்ச்சி நிலையில் இருப்பதால், பிறகு மறுபடியும் சோதித்துப் பார்ப்பார்கள். நான் வாராவாரம் கேட்ட கேள்வி வேறு: “இந்த வாரம் இவர் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?” அதற்கு ஒவ்வொரு தடவையும் உருப்படியான பதில் கிடைத்தது.

பண விஷயத்துக்கு மருத்துவ சமூக சேவையாளரை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் சேமிப்பு போக மீதி கட்ட முடியாவிட்டால் மெடிஃபண்டு என்ற அரசு உதவி நிதிக்கு அவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கேர்ஷீல்டு லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் தாமாகச் செய்ய முடியாவிட்டால் மாதாமாதம் தொகை கிடைக்கும். 1979 அல்லது அதற்கு முன் பிறந்தவர் என்றால் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

படி 2: தோலைப் பார்க்கும் பழக்கம்

உணர்வில்லாத இடத்தில் வலி தெரியாது. அதனால் படுக்கைப் புண் சத்தமில்லாமல் வரும், ஆற மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பயிற்சியும் நிற்கும். வார்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பார்கள். அந்த நேரத்தில் நீங்களும் கூடவே நின்று பாருங்கள்: குதிகால், கணுக்கால், இடுப்பு எலும்பு, வால் எலும்புக்கு மேலே, உட்காரும்போது அழுந்தும் இரண்டு எலும்புகள், முழங்கை.

சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலை விட இன்னும் கறுத்தோ ஊதா பாய்ந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் புறங்கையை வைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சுடுகிறதா, கெட்டியாக இருக்கிறதா, இல்லை கொழகொழவென்று இருக்கிறதா? அப்படி இருந்தால் அதன் மேல் பாரமே படக்கூடாது, தாதியிடம் உடனே சொல்ல வேண்டும். எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகும் ஒரு தமிழ்த் தாதி. “அக்கா, கண்ணை மட்டும் நம்பாதீங்க, கையை வச்சுப் பாருங்க” என்பார்.

தைலம் போட்டு உருவிவிட்டால் ரத்தம் ஓடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் நிறம் மாறிய இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் திசு இன்னும் கெடும். அசைவில்லாத கால்களில் ரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்தும் இருக்கிறது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினாலோ சுட்டாலோ உருவக்கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் தைலப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

வாங்கும்போது: நடுவில் ஓட்டையுள்ள வளையக் குஷன் வேண்டவே வேண்டாம், அது ஓட்டையைச் சுற்றி அழுத்தத்தைக் கூட்டும். சக்கர நாற்காலிக்கு ரோஹோ மாதிரியான காற்றறைக் குஷன்தான் என் தேர்வு. ஆனால் காற்றளவைத் தினமும் பார்க்க வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும்போது அடியில் கையை விட்டால், எலும்புக்கும் குஷனின் அடித்தளத்துக்கும் நடுவே அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள முடிவது அவருக்குப் பெரிய விஷயம்.

படி 3: சிறுநீரும் மலமும்

இதைப் பற்றி நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசித்தான் ஆக வேண்டும்.

கை நன்றாக இருப்பவர்களுக்கு, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை எடுக்கப் பழக்குவார்கள். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியேறியது என்று நோட்டில் எழுதுங்கள். சிறுநீர் கலங்கி நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால்கள் வழக்கத்தை விட அதிகமாக இழுத்துக்கொண்டாலோ தொற்றாக இருக்கலாம்.

அவரே செய்துகொண்டாலும் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் தேவைப்படும். யார் செய்வது என்பதை மட்டும் அவரிடமே கேளுங்கள். என் வீட்டுக்காரர் நான் செய்யலாம், தன் அம்மா செய்ய வேண்டாம் என்றார். மாமியாருக்கு மனசு கஷ்டப்பட்டது. ஆனாலும் வீட்டுக்காரர் சொன்னபடியே விட்டோம்.

மலம் கழிக்க தினமும் ஒரே நேரம். சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் காலைப் பசியாறி, கோப்பி குடித்த பிறகு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா சந்தையிலிருந்து பிரியாணி வாங்கி வருகிறவர்களிடம் நார்ச்சத்துக்காகப் பப்பாளியும் கேளுங்கள்.

படி 4: தெரிந்தே இருக்க வேண்டிய ஓர் அவசரம்

காயம் டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் இதைப் படித்துவிட்டுத்தான் நகர வேண்டும். பெயர் அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உடம்பை உறுத்தும். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய குழாய், மலச்சிக்கல், இறுக்கமான உடை. அவருக்கு அது உறைக்காது. உடம்பு மட்டும் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், மயிர்க்கூச்செறியும்.

உடனே நேராக உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், படுக்கவைக்காதீர்கள். பெல்ட், காலுறை, வயிற்றுப்பட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாயையும் பையையும் பாருங்கள். பிறகு குடல், தோல், விரல் நகம் என்று காரணத்தைத் தேடுங்கள். அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

இவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் (சிஸ்டாலிக்) சாதாரணமாகவே 90, 100 என்றுதான் இருக்கும். அதற்கு மேல் 20 முதல் 40 வரை ஏறினாலே ஆபத்து. 140 என்பது மற்றவர் கண்ணுக்குச் சும்மா கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். அதனால் அவருடைய வழக்கமான அளவையும் காய மட்டத்தையும் ஓர் அட்டையில் அச்சிட்டு, அவர் பணப்பையில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று வையுங்கள். வீட்டுக்கு மேல்கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி வாங்குங்கள்.

படி 5: படுக்கையிலிருந்து நாற்காலிக்கு

எனக்கு நீண்ட நாள் வராமல் இழுத்தடித்தது இதுதான். பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) செய்யும்போது சுலபமாகத் தெரியும். நான் செய்தால் அவர் பாதியில் நின்றுவிடுவார், என் முதுகு பிடித்துக்கொள்ளும்.

நாற்காலியைப் படுக்கையோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் போட்டு, போட்டதைக் கையால் அசைத்துப் பாருங்கள். படுக்கைப் பக்கக் கைப்பிடியைக் கழற்றுங்கள், கால்தாங்கியை விலக்குங்கள். சிறுநீர் சேரும் பை எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பிறகு அவரைப் படுக்கையின் விளிம்புக்குக் கொண்டுவந்து இரண்டு பாதமும் தரையில் பதியும்படி உட்காரவையுங்கள். டி4 போன்ற காயத்தில் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் வேலை செய்யாது, அப்படியே முன்னால் விழுந்துவிடுவார். ஒரு கை அவர் மார்பை விட்டு எடுபடக்கூடாது. டிரான்ஸ்ஃபர் பலகையின் (படுக்கைக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம்போல் வைப்பது) ஒரு முனை தொடைக்கு அடியில், மறு முனை நாற்காலி இருக்கையில். பலகை விளிம்புக்கு அடியில் அவர் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெக்கையில் வெறும் தோல் பலகையில் ஒட்டிக்கொண்டு இழுபடும், அதுவே புண்ணுக்கு ஆரம்பம். கால்சட்டையோடு நகருங்கள், இல்லை ஒரு தலையணை உறையை விரியுங்கள்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது தலையின் திசை. இடுப்பு இடப்பக்கம் போக வேண்டுமென்றால் தலை வலப்பக்கம் சாய்ந்து முன்னால் குனிய வேண்டும். தராசைப் போல ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் எழும். போக வேண்டிய பக்கமே பார்த்துச் சாய்வதுதான் எல்லோருக்கும் தோன்றும், ஆனால் அப்படிச் சாய்ந்தால் உட்காரும் இடம் தூக்கவே தூக்காது. அந்த ஜொகூர்த் தாதி என் கையைப் பிடித்து நிறுத்தி, “நீங்க தூக்காதீங்க அக்கா, அவர சாயவிடுங்க” என்றார். அவர் தலையை எதிர்ப்பக்கம் குனிந்து கைகளை ஊன்ற, இடுப்பு தானாக ஒரு சாண் நகர்ந்தது. ஒரே இழுப்பில் போகாமல், சின்னச் சின்னதாகத் தூக்கித் தூக்கி நகர வேண்டும்.

நீங்கள் எதிரே நின்று உங்கள் முழங்காலால் அவர் முழங்காலை அணைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பது இடுப்புப் பெல்ட்டை. அக்குளுக்கு அடியில் கை கொடுத்து ஒருபோதும் தூக்காதீர்கள். இனி ஆயுசுக்கும் அவர் தோள்கள்தான் அவரைச் சுமக்க வேண்டும். உட்கார்ந்ததும் குழாய் மடங்கியிருக்கிறதா, உடையில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, பாதம் தாங்கியில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க, அரை மணிக்கு ஒருமுறையாவது ஒன்றிரண்டு நிமிடம் முன்னால் சாய்ந்து பாரத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

படுக்கையும் நாற்காலியும் ஒரே உயரம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் உயரம் மாற்றக்கூடிய கட்டிலுக்குச் செலவழியுங்கள், டிவியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

படி 6: வீட்டை அளப்பது

டிஸ்சார்ஜ் தேதி சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். இருக்கை 40 சென்டிமீட்டர் என்றால் நாற்காலியின் முழு அகலம் 60-ஐத் தொடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கழிவறையில் மடிப்புக் கதவு இருந்தால், கதவைத் திறந்து மடித்தபின் மிஞ்சும் இடைவெளியை அளக்க வேண்டும், சட்டத்தை அல்ல. வாசல் மேட்டின் உயரத்தையும் குறித்துக்கொண்டு, படமெடுத்து சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். எங்களோடு 65 வயதைத் தாண்டிய மாமியார் இருப்பதால் முதியோருக்கு ஏற்றபடி வீட்டை மாற்றித்தரும் வீவக-வின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிகளும் சாய்தளமும் கிடைத்தன. நாற்காலிக்கு, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் வழியாக உதவித் தொழில்நுட்ப நிதிக்கு விண்ணப்பிக்கலாம். வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை தருகிறார்கள். விண்ணப்பம் முடிந்து அனுமதி வரும்வரை கடையில் பணம் கட்டிவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் ஓரிரு நாள் வீட்டுக்குப் போய்வர அனுமதி உண்டா என்று கேளுங்கள். அந்தச் சோதனை ஓட்டத்தில்தான் ஒவ்வொரு குறையும் தெரியவரும்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

பணிப்பெண் வைப்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். உடற்குறையுள்ளவரைப் பராமரிக்க என்றால் அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி. பணிப்பெண்ணையும் வார்டுக்கு அழைத்துப்போய்த் தாதி முன்னால் பழகவையுங்கள். அவர் வந்துவிட்டார் என்று நீங்கள் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

வெயில்: டி6-க்கு மேல் காயம் உள்ளவர்களுக்குக் கீழ்ப்பாகம் சரியாக வியர்க்காது, உடம்பு சூடேறிவிடும். வெளியே போனால் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் ஈரத் துண்டும் வேண்டும். சூடான கோப்பியை மடியில் வைக்கக்கூடாது, குளிக்கும் தண்ணீரை முதலில் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள்.

பார்க்க வருகிறவர்கள் உங்களிடம் “எப்படி இருக்கிறார்?” என்று கேட்டால், “அவரிடமே கேளுங்கள்” என்று சொல்லுங்கள். பல நாள் பேசாமல் சுவரையே பார்த்துப் படுத்திருந்தாலோ, சாப்பாடு வேண்டாம், பயிற்சி வேண்டாம் என்றாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கும் அங்கேயே சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று ஒருவர் கேட்டபின் சேர்க்கிறேன். வீடு திரும்பிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் ஸ்கேன் செய்து பார்ப்பது வழக்கம். டிஸ்சார்ஜ் தாளில் அதற்கான தேதி இல்லையென்றால், வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.