அங்கைலோசாரஸ் மாதிரி செய்ய: வாலில்தான் வேலை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அங்கைலோசாரஸ் என்ற கவச டைனோசரைச் செய்கிறவர்கள் டிவியில் பார்த்த காட்சியைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். பிபிசியின் 1999 தொடரான ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ கடைசிப் பகுதியில் அது வாலால் ஓங்கி அடித்து ஒரு டைரனோசாரஸைச் சாய்த்துவிடும். அந்தக் காட்சியைச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் வாலைச் சாட்டை போல நுனிவரை வளைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வாலின் பின்பாதி முள்ளெலும்புகள் ஒன்றையொன்று கவ்வி, விறைத்த கட்டையாக இருந்தன. முன்பாதி மட்டுமே பக்கவாட்டில் திரும்பும். சம்மட்டியும் அதன் காம்பும் என்று நினைத்துக்கொண்டால் வால் சரியாக வரும்.

ஐந்தில் ஒரு பங்கு அளவு மேசைக்குப் பொருந்தும். 6.25 மீட்டர் விலங்கு 125 செ.மீ. ஆகும், இடுப்புயரம் 34 செ.மீ. கிடைத்ததில் பெரிய மண்டையோடு 64.5 செ.மீ. நீளம், 74.5 செ.மீ. அகலம். அதாவது தலை நீளத்தைவிட அகலம் அதிகம். உங்களுக்கு 13க்கு 15. வால் நுனியிலுள்ள எலும்புக் குண்டின் நீளம், அகலம், உயரம் 60, 49, 19 செ.மீ. என்பதை 12, 10, 4 என்று எடுங்கள். உருண்டையாகப் பந்து வைத்தால் தப்பு, அது தட்டையானது.

8 கேஜ் ஜிஐ கம்பியை இரட்டையாக மடித்து மூக்கிலிருந்து வால்வரை ஒரே ஓட்டமாக விடுங்கள். இடையில் ஒட்டுப்போட்டால் அங்கேதான் தொங்கும். வாலின் கடைசி 25 செ.மீ.க்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். வால் தரையில் இழுபடக்கூடாது, கிடையாக நிற்கவேண்டும். கால்களுக்கு முக்கால் இஞ்ச் பிவிசி குழாய். முன்னங்கால் பின்னங்காலைவிடக் குட்டை. பல்லி போல விரிக்காமல் உடம்புக்கு நேர் கீழே நிறுத்துங்கள். பலகை 5 அடி இருக்கட்டும். வால் பலகையைத் தாண்டி நீட்டினால் முதல் நாளே யாராவது இடித்து ஒடித்துவிடுவார்கள்.

உடம்புக்குக் கோழி வலையைச் சுற்றி, உள்ளே பனியன் வேஸ்ட் திணியுங்கள். திருப்பூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மேலே செய்தித்தாள் நான்கு அடுக்கு. பசைக்கு 250 கிராம் மைதா, ஒன்றரை லிட்டர் தண்ணீர். காய்ச்சி ஆறியபின் பிளாஸ்டிக் வாளியில் ஒரு டீஸ்பூன் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. இரும்பு, அலுமினியப் பாத்திரத்தில் கலந்தால் துத்தம் உலோகத்தை அரித்துவிடும். அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஓர் அடுக்கு முழுக்கக் காய்ந்தபின்தான் அடுத்தது. ஆடிக்காற்றில் ஒரு நாளில் காயும். ஐப்பசி மழையில் அவசரப்பட்டால் உள்ளே பூசணம் பிடித்து, திறப்பு விழா அன்று நாறும்.

கவசத்துக்கு நாமக்கல் முட்டை அட்டையின் கூம்புகளை வெட்டி ஒட்டுவது எளிது, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எல்லாம் ஒரே அளவாக இருப்பதால் பார்த்தவுடன் முட்டை அட்டை என்று தெரிந்துவிடும். அதே அட்டையை ஓர் இரவு ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, பசையோடு பிசைந்தால் நல்ல களிமண் பதம் வரும். தேங்காய்த் தொட்டிச் சில்லுகளைப் பெரிதும் சிறிதுமாக உடைத்து, குழிந்த பக்கம் கீழே வருமாறு பதித்து, மேலே இந்தக் கூழால் ஒரு முகடு எடுங்கள். நிஜ எலும்புத் தகடுகளும் அடியில் குழிந்தவைதான். கழுத்தில் இரண்டு அரைவளையங்கள், தலையில் நான்கு கொம்புகள். குண்டுக்குள் கல்லோ மண்ணோ வேண்டாம், தெர்மோகோல் போதும். கனத்தால் முன்னங்கால் தூக்கிக்கொள்ளும்.

தகடுகள் உடம்பில் இருந்த இடத்திலேயே முழுதாக இந்த விலங்குக்குக் கிடைத்ததில்லை. உறவினங்களைப் பார்த்துத்தான் ஓவியர்கள் அடுக்குகிறார்கள். விளக்கச் சீட்டில் அதைச் சொல்லிவிடுங்கள். 1908இல் பார்னம் பிரவுன் பெயரிட்டார், வாழ்ந்தது வட அமெரிக்காவில், சுமார் 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பதும் இருக்கட்டும். டிவி காட்சிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி: சூல் என்ற உறவினத்தின் இடுப்பருகே உடைந்து ஆறிய முட்களை 2022இல் ஆராய்ந்தவர்கள், குண்டால் தன் இனத்தோடும் சண்டையிட்டிருக்கும் என்றார்கள். “நம்மூரில் கிடைக்குமா?” என்று கட்டாயம் கேட்பார்கள். கொங்குப் பாறைகள் டைனோசர்களைவிடப் பல மடங்கு பழையவை, அதனால் கிடைக்காது.

நிறம் யாருக்கும் தெரியாது. காவிப்பொடியைப் பசைநீரில் கரைத்து மேலே அடர்த்தியாகவும் வயிற்றில் வெளிறியும் பூசுங்கள். எனாமல் மட்டும் வேண்டாம், கண்காட்சி விளக்கில் பளபளத்துப் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும்.