எலும்புல இல்லாத நிக்கல் எங்கிருந்து வந்துச்சு

நாலு நாள் வீணா போச்சு, இப்பதான் மூச்சு விட்டேன். சிவாலிக் மலைல கிடைச்ச பாலூட்டியோட புதைபடிவ எலும்பு ஒண்ணு, உடைக்கக்கூடாது, அதனால கையடக்க எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே அடிச்சு, திரும்பி வர்ற ஒளிய வச்சு எந்தத் தனிமம் இருக்குன்னு சொல்ற கருவி) வச்சு ஸ்ட்ரான்ஷியம், இட்ரியம்ங்கிற தனிமங்கள பாத்துட்டு இருந்தேன். அதெல்லாம் ஒழுங்கா வந்துச்சு, ஆனா எந்த இடத்துல வச்சாலும் நிக்கல் தெரிஞ்சுது.

மேல மண் ஒட்டியிருக்குன்னு நெனச்சு பிரஷ்ஷால துடைச்சேன், இடத்த மாத்துனேன், பசை பூசியிருக்காங்களோன்னு பூசாத பக்கத்த வச்சேன், எனர்ஜி கேலிப்ரேஷன் (கருவியோட ஆற்றல் அளவ சரிபாக்குறது) மறுபடி பண்ணேன், ஒண்ணும் மாறல. கடைசில கடுப்புல சுத்தமான கால்சியம் கார்பனேட் பவுடர வச்சேன், அதுலயும் நிக்கல்!

அப்புறம்தான் ஸ்பெக்ட்ரத்த பெருசாக்கி பாத்தேன். பீக் நிக்கலோட இடமான 7.48 கேஇவி-ல (எக்ஸ்ரே ஆற்றலோட அலகு) இல்ல, 7.38 பக்கம் கொஞ்சம் இடது சாஞ்சு நின்னுச்சு, 8.26-ல வரவேண்டிய நிக்கலோட ரெண்டாவது பீக்கான கே-பீட்டாவும் இல்ல. 7.38-ன்னா கால்சியத்தோட 3.69 ரெண்டு தடவ, அதாவது ரெண்டு கால்சியம் ஃபோட்டான் ஒரே நேரத்துல டிடெக்டருக்குள்ள போய் ஒண்ணா எண்ணப்பட்டிருக்கு, இதுக்குப் பேரு பைல்-அப். புதைபடிவ எலும்புல இருக்குற அப்படைட்ங்கிற கனிமத்துல கால்சியமே கிட்டத்தட்ட 40%, அப்ப இது வராம இருக்குமா. சாஃப்ட்வேர் பக்கத்துல இருக்குற பேர ஒட்டிருச்சு, அவ்ளோதான்.

எக்ஸ்ரே டியூப் கரன்ட்ட மூணுல ஒரு பங்கா குறைச்சேன். ஸ்ட்ரான்ஷியம் மூணுல ஒண்ணாச்சு, "நிக்கல்" ஒம்பதுல ஒண்ணா இறங்குச்சு, பைல்-அப்னா இப்படித்தான் வர்க்கத்துல குறையும். பிறகு அலுமினியம் ஃபில்டர் போட்டு கால்சியத்த அமுக்குனேன், பீக் காணாம போச்சு. எண்ணிக்கை குறையும், அதனால நேரத்த மட்டும் கூட்டி வைங்க.