வன்னியில் படம் போடுவது எப்படி: முதலில் கதவைப் பாருங்கள்

மாற்றுத்திறனாளிகள், உளநலம் பற்றிய படம் ஒன்றை, வட இலங்கையின் வன்னியில், ஊர் மண்டபத்தில் போட நினைப்பவர்களுக்கு இது. புரொஜெக்டரை லப்டொப்பில் கொளுவத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். படம் எடுத்தவருக்கு எழுதி அனுமதி வாங்குவதையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொதப்பியது வேறு இடங்களில்.

1. நாள்

மே மாதம் வேண்டாம். 2009 போரில் இறந்தவர்களை நினைத்து விளக்கேற்றுகிற சனத்தைப் படம் பார்க்கக் கூப்பிட முடியாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் அதை ஒட்டித்தான் வரும். ஒக்டோபர் பிறந்தால் மழை. என் தெரிவு பெப்ரவரி அல்லது மார்ச், பின்னேரம் 3 மணி. வெளியில் போட்டால் 7 மணிக்கு முன் திரையில் ஒன்றும் தெரியாது. முடிந்தபிறகு, சக்கர நாற்காலியில் வந்தவரை யானை நிற்கிற கிறவல் றோட்டால் யார் கூட்டிப்போவது? மண்டபம்தான் நல்லது. யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் அடியுங்கள்.

2. பலகை

முதல் தடவை இரண்டு படிக்கு நாலடிப் பலகை வைத்தேன். சக்கர நாற்காலியில் வந்த அண்ணை கீழேயே நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இது ஏறுறதுக்கோ, குட்டிக்கரணம் அடிக்கிறதுக்கோ?" என்றார். கணக்கு இதுதான்: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். ஆறு அங்குலப் படி இரண்டென்றால் 12 அடிப் பலகை. முற்றம் மணலென்றால் வாசல்வரைக்கும் பிளைவூட் பரப்புங்கள். சில்லு புதைந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்குவார்கள், தூக்கப்படுபவருக்கு அது பிடிக்காது.

3. திரை

திரையைக் கதவுப் பக்கம் கட்டாதீர்கள். நான் கட்டினேன். படத்தில் ஒரு வெடிச்சத்தம் வந்தது. ஒரு அம்மா எழும்பினார். வெளியே போகவேண்டுமென்றால் வெளிச்சத்துக்குள்ளால், எல்லாரும் பார்க்க நடக்கவேண்டும். அவர் திரும்ப இருந்துவிட்டார். படம் முடியும்வரை சீலைத் தலைப்பைக் கடித்தபடி இருந்தார்.

இப்போது கதவு எப்போதும் சனத்துக்குப் பின்னால். பின்வரிசையில் ஒரு லைற் எரியும். வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நாலு கதிரையும் பிளேன்ரீயும். எந்த இடத்தில் செல் (எறிகணை) வெடிக்கிற சத்தம் வரும் என்று தொடங்க முதலே சொல்லிவிடுவேன். அந்த இடத்தில் ஒலியையும் குறைப்பேன். கலைநயம் கெடும் என்பார்கள், கெடட்டும். ஜெனரேட்டரைத் தூரத்தில் வையுங்கள், அதுவும் சிலவேளை வெடிப்பதுபோல் இரையும்.

4. வசன எழுத்து

காது கேளாதவர்களுக்குத் தமிழ் வசனம் கட்டாயம். வசன எழுத்து உள்ள எஸ்ஆர்டி கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறி முறையில் சேமியுங்கள். ஆனால் பென்டிரைவை நேரே புரொஜெக்டரில் குத்தினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறலாம். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'பேர்ன் இன்' தெரிவுசெய்து எழுத்தைப் படத்தோடே பதித்துவிடுங்கள். முதலில் ஒரு நிமிடத் துண்டைப் பதித்துப் பாருங்கள். "கதவு சாத்தும் சத்தம்" போன்றவற்றையும் எழுதுங்கள்.

5. அறிவித்தல்

'மனநோய்' என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், "விசர்ப்படம்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். "படமும் பிளேன்ரீயும்" என்று போட்டேன், மண்டபம் நிரம்பியது. பின்சுவரில் 1926 என்ற உளநல உதவி இலக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சுவரில் இருந்தால், யாரும் பார்க்காத நேரம் குறித்துக்கொள்வார்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒரு அக்கா கேட்டார்: "பலகை போட்டீங்கள் சரி, மலசலகூடத்துக்கு?" போய் அளந்தேன். கதவு 24 அங்குலம், நாற்காலி நுழையாது. குறைந்தது 32 அங்குலம் வேண்டும். இப்போதைக்கு கொமட் உள்ள பக்கத்து வீட்டில் முன்கூட்டியே கேட்டுவைக்கிறோம். அங்கேயும் ஒரு படி இருக்கிறது, அதற்கும் ஒரு பலகை அடித்தாயிற்று.